பூட்டும் பழக்கமும்: கணிப்பொறி நச்சுநிரல்களும் நம் பிள்ளைகளும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் சங்கத்தின் கணிப்பொறிப் பிரிவு சார்பில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் கணிப்பொறிக்கு வரும் நோயைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு நம் பிள்ளைகளுக்கு வேண்டியிருந்தவை புத்தகமும், கட்டணமும், தங்கிப் படிக்க ஓர் இடமுமே ஆகும். இன்றோ உதவித்தொகை விண்ணப்பம், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், தேர்வு நுழைவுச்சீட்டு, வேலைக்கான மனு ஆகிய யாவும் கணிப்பொறி வழியாகவே சென்று கணிப்பொறி வழியாகவே திரும்புகின்றன. ஆகவே அந்த இயந்திரத்துக்கு நேரும் கேடு நம் பிள்ளைகளின் படிப்புக்கு நேரும் கேடாகிவிட்டது. இதனை நாங்கள் நூல்களில் படித்து அறியவில்லை, பட்டு அறிந்தோம். அந்த நிகழ்ச்சியை முதலில் கூறி, பிறகு பொருளுக்கு வருகின்றோம்.

ஒரு பிள்ளையின் ஓராண்டு

சில ஆண்டுகளுக்கு முன்பு, கல்லூரியில் படிக்கும் மாணவி ஒருவர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க நம் கணிப்பொறி அறைக்கு வந்தார். மூலச் சான்றிதழ்களைச் சேர்க்கையின்போதே கல்லூரியில் கொடுத்துவிட்டார். அவரிடம் இருந்தவை ஒரு பென் டிரைவில் சேர்த்து வைத்திருந்த படிகள் மட்டுமே. அதனை நம் இயந்திரத்தில் செருகித் திறந்தபொழுது கோப்புகள் எவையும் திறக்கவில்லை. ஒவ்வொன்றின் பெயரிலும் ஒரு குறுக்குவழிக் குறி மட்டும் நின்றது. அதனைத் தட்டினால் வேறேதோ ஓடியது.

அப்பொழுது நாங்கள் செய்த முதற் காரியம், அந்தப் பெண்ணைக் கடிந்துகொண்டதுதான். "கண்ட கண்ட கடையில் இதைச் செருகினால் இப்படித்தான் ஆகும், பார்த்து நடக்க வேண்டாமா?" என்று கேட்டோம். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கோப்புகள் அழியவில்லை, மறைத்து வைக்கப்பட்டிருந்தன என்பதும், ஒரே ஒரு கட்டளையால் அவற்றை மீண்டும் வெளிக்கொணரலாம் என்பதும் எங்களுக்குத் தெரிய இரண்டு நாட்கள் ஆயின. அதற்குள் விண்ணப்பத்தின் கடைசி நாள் கடந்துவிட்டது. அந்த ஆண்டின் உதவித்தொகை அவருக்குக் கிட்டவில்லை. கட்டணத்தைச் சங்கமே கட்டியது.

பிறகு நம் அறையின் இயந்திரங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தோம். அத்தனையிலும் அதே நச்சுநிரல் இருந்தது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே கணக்கில் புகுந்தார்கள். அக்கணக்குக்குக் கடவுச்சொல் இல்லை. அதற்கு இயந்திரத்தின் முழு அதிகாரமும் இருந்தது. விண்டோஸ் உரிமம் பெறாத படியாகையால், அதனைப் புதுப்பிக்க அஞ்சி, புதுப்பிப்பையே நிறுத்தி வைத்திருந்தோம். நோய் அவருடைய பென் டிரைவிலிருந்து நம்மிடம் வந்ததா, நம்மிடமிருந்து அவருக்குப் போயிற்றா என்று இன்றும் எங்களால் உறுதியாகக் கூற இயலவில்லை. ஆயினும் குற்றவாளியாக நின்றவர் அவர். கடிந்து பேசியவர்கள் நாங்கள். இவ்வுரையின் கேள்வி அங்கேதான் பிறந்தது: வைரஸ் வருவது பயன்படுத்துவோரின் பிழையா, அல்லது இயந்திரத்தை அமைத்தவர்களின் பிழையா?

நச்சுநிரல் என்பது யாது?

வைரஸ் என்பது தானாக முளைத்த உயிர் அன்று. அது மனிதர் எழுதிய ஒரு நிரல். பிற நிரல்களில் தன் படியை ஒட்டவைத்து, அவை ஓடும்பொழுது தானும் ஓடி, மேலும் பரவும். அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பிரெட் கோஹன் என்ற மாணவர் 1983ஆம் ஆண்டு நவம்பரில் இத்தகைய நிரல் ஒன்றை அனுமதி பெற்றுச் சோதித்துக் காட்டினார். 'வைரஸ்' என்ற பெயரைச் சூட்டியவர் அவருடைய ஆசிரியர் லென் ஏடில்மன். 1986ஆம் ஆண்டில் பாகிஸ்தானின் லாகூரில் சகோதரர் இருவர் எழுதிய 'பிரெய்ன்' என்ற நச்சுநிரல், பிளாப்பித் தகடுகளின் தொடக்கப் பகுதியில் அமர்ந்து உலகெங்கும் பரவியது. அந்தத் தகடு செய்த வேலையைத்தான் பின்னாளில் பென் டிரைவும், மின்னஞ்சலும், வாட்ஸ்அப்பும் செய்தன.

ஆகவே நச்சுநிரல் பரவ மூன்று வேண்டும். கொண்டுவரும் வழி ஒன்று. அதனை ஓடவிடும் ஒரு கை ஒன்று. ஓடியபின் தடுப்பார் இன்றிப் பரவ இடம் தரும் அமைப்பு ஒன்று. கை பயன்படுத்துவோருடையது; அமைப்போ இயங்குதளத்தினுடையது.

மடை இல்லாத வரப்பு

இயங்குதளம் என்பதை நம் நாட்டு வழக்கில் விளக்குவோம். பேச்சிப்பாறை நீர் தோவாளைக் கால்வாயிலும், அனந்தனாற்றிலும் ஓடி, குளங்களை நிறைத்து, மடை வழியே வயலுக்குப் பாய்கின்றது. எந்த மடையை எப்பொழுது திறப்பது, எவ்வளவு விடுவது என்பதற்கு ஒரு முறை உண்டு. அந்த மடையைத் திறந்தும் அடைத்தும் நாஞ்சில் நாட்டு வயல்களை விளையவைத்த கைகளில் நம் முன்னோரின் கைகளும் உண்டு. ஆதலின் இவ்வுவமை நமக்கு அந்நியம் அன்று. மடையே இன்றி வரப்புகளை வெட்டிவிட்டால், ஒரு வயலில் கொட்டிய நஞ்சு எல்லா வயலுக்கும் பாயும். இயங்குதளம் என்பது கணிப்பொறிக்குள் இருக்கும் மடை முறை. எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடலாம், எதனை மாற்றலாம், யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்பதை அதுவே தீர்மானிக்கின்றது.

1981இல் ஐ.பி.எம். தனிக் கணிப்பொறியுடன் வந்த டாஸ் இயங்குதளத்தில் இந்த மடையே இல்லை. ஓர் ஆள், ஒரு மேசை, ஓர் இயந்திரம் என்று எண்ணி அமைக்கப்பட்டதாகையால், ஓடும் எந்த நிரலும் எதனையும் மாற்றலாம் என்பதே அங்கு நிலை. மாறாக, 1969இல் பெல் ஆய்வகத்தில் தொடங்கிய யூனிக்ஸ், ஒரே இயந்திரத்தைப் பலர் பகிர்ந்துகொள்வதற்காக வளர்ந்தது. ஒருவர் கோப்பை மற்றவர் கெடுக்காமல் இருக்க வேண்டும் என்ற தேவை அதன் பிறப்பிலேயே இருந்தது. ஒவ்வொரு கோப்புக்கும் உடையவர் உண்டு. படிக்க, எழுத, ஓட்ட எனத் தனித்தனி உரிமை உண்டு. முழு அதிகாரம் நிர்வாகி ஒருவருக்கே உண்டு. லினக்ஸ் இந்த மரபைப் பின்பற்றி 1991இல் தோன்றியது.

விண்டோஸின் பிற்காலப் பதிப்புகளிலும் உரிமை முறை இருந்தது. 2001இல் வந்த எக்ஸ்.பி. பதிப்பில் அது முழுமையாகவே இருந்தது. ஆனால் வீட்டில் புதிதாக நிறுவும்பொழுது உருவாகும் கணக்குகள் நிர்வாகிக் கணக்குகளாகவே அமைந்தன. பூட்டு இருந்தது, சாவி எல்லார் கையிலும் இருந்தது என்பதே இதன் பொருள். பூட்டு உண்டா என்று கேட்பது போதாது. இயந்திரத்தை வாங்கி வந்த நாளில் அது பூட்டியிருந்ததா, திறந்திருந்ததா என்று கேட்க வேண்டும். ஏனெனில் நம்மில் பெரும்பாலோர் இயந்திரத்தை வந்த நிலையிலேயே பயன்படுத்துகின்றோம்.

தவறச் செய்யும் அமைப்பு

2000ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் பிலிப்பைன்ஸிலிருந்து புறப்பட்ட 'ஐ லவ் யூ' என்ற நச்சுநிரலை எண்ணிப் பாருங்கள். அது காதல் கடிதம் என்ற பெயரில் மின்னஞ்சலாக வந்தது. இணைப்பின் பெயர் 'டி.எக்ஸ்.டி.' என்று முடிவதாகத் தோன்றியது. அஃதாவது வெறும் எழுத்துக் கோப்பு. உண்மையில் அதற்குப் பின்னும் 'வி.பி.எஸ்.' என்றொரு வால் இருந்தது. அஃதாவது ஓடக்கூடிய நிரல். கோப்புப் பெயரின் கடைசி வாலை மறைத்துக் காட்டுவது விண்டோஸின் இயல்பான அமைப்பாக இருந்தபடியால், பார்த்தவர் கண்ணுக்கு அந்த வால் தெரியவில்லை. திறந்தவுடன் அது முகவரிப் புத்தகத்திலிருந்த அனைவர்க்கும் தன்னை அனுப்பிக்கொண்டது. கடிதத்தைத் திறந்தவர்கள் அறிவிலிகளா? இல்லை. உண்மையைக் காட்ட வேண்டிய பலகை உண்மையை மறைத்தது. ஆயினும் உலகம் அவர்களைத்தான் நகைத்தது.

பென் டிரைவின் கதையும் இதுவே. செருகியவுடன் அதிலுள்ள நிரல் தானே ஓடுவதற்கு வழிசெய்யும் 'ஆட்டோரன்' என்ற வசதி, பாட்டுத் தகடும் விளையாட்டுத் தகடும் எளிதில் ஓட வேண்டும் என்பதற்காக வந்தது. 2008 நவம்பரில் தோன்றிய 'கான்பிக்கர்' முதலியவை அந்த வழியையும் பயன்படுத்திக் கோடிக்கணக்கில் எண்ணத்தக்க இயந்திரங்களை எட்டிப் பார்த்தன. பழைய விண்டோஸ் பதிப்புகளில் பென் டிரைவுக்கு இந்த வசதியை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் 2011 பிப்ரவரியில் எல்லார்க்கும் அனுப்பியது. அதற்கு முன்பு எத்தனை அச்சுக் கடைகளில், எத்தனை இணைய மையங்களில், எத்தனை பிள்ளைகள் "நீதான் வைரஸ் கொண்டுவந்தாய்" என்று திட்டு வாங்கியிருப்பர்!

குறையைச் சுட்டும் நாம், திருத்தத்தையும் சொல்லவேண்டும். எக்ஸ்.பி.யின் இரண்டாம் திருத்தத் தொகுப்பு 2004இல் வந்தபொழுது தடுப்புச் சுவர் இயல்பாகவே இயங்கத் தொடங்கியது. 2007இல் பொதுமக்களுக்கு வந்த விஸ்டா, அதிகாரம் கேட்கும் ஒவ்வொரு செயலுக்கும் ஒப்புதல் கேட்டது. 2012இல் வந்த எட்டாம் பதிப்பிலிருந்து வைரஸ் தடுப்பும் உடன் வந்தது. அமைப்பு திருந்தினால் கேடு குறையும் என்பதற்கு இவை சான்றுகள்.

ஆனால் விஸ்டாவிடமிருந்து மற்றொரு பாடமும் உண்டு. எதற்கெடுத்தாலும் "அனுமதிக்கவா?" என்று கேட்டால், மனிதன் படிப்பதை நிறுத்திவிட்டு "ஆம்" என்று தட்டப் பழகிவிடுகிறான். அந்தக் கேள்வியும் ஆங்கிலத்தில் இருந்தால் சொல்லவே வேண்டா. தமிழ்வழியில் படித்து, வீட்டில் முதன்முதலாகக் கணிப்பொறியைத் தொடும் பிள்ளைக்குப் புரியாத மொழியில் எச்சரித்துவிட்டு, "எச்சரித்தோமே" என்று கூறுவது எவ்வகை அறம்?

லினக்ஸ் என்றால் வைரஸ் இல்லையா?

எங்கள் அறையை நாங்கள் லினக்சுக்கு மாற்றினோம். மாற்றியவர்கள் என்ற முறையிலேயே ஒரு மூடநம்பிக்கையைக் களைய விரும்புகின்றோம். "லினக்ஸில் வைரஸ் வரவே வராது" என்று சில இளைஞர்கள் மார்தட்டுகின்றனர். அது சரியன்று.

முன்னர்க் கூறிய பிரெட் கோஹனின் சோதனை நடந்தது யூனிக்ஸ் இயந்திரத்தில். உரிமை முறைகள் யாவும் இருந்தும், ஐந்து முறை செய்த சோதனையிலும் ஒரு மணி நேரத்துக்குள் நச்சுநிரல் முழு அதிகாரத்தையும் பெற்றுவிட்டது. எவ்வாறு? மடையை அது உடைக்கவில்லை. அதிகாரம் உடைய ஒருவர், நச்சு ஒட்டிய பயனுள்ள நிரல் ஒன்றைத் தாமே ஓட்டினார்; அவ்வளவே. 1988 நவம்பர் 2ஆம் நாள் வெளியான மாரிஸ் புழு, யூனிக்ஸ் இயந்திரங்களின் நிரல் பிழைகளிலும், எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொற்களிலும் புகுந்து ஏறத்தாழ ஆறாயிரம் இயந்திரங்களை முடக்கியது என்று அன்று கணக்கிட்டனர். 2012இல் 'பிளாஷ்பேக்' என்பது ஆறு லட்சம் அளவிலான ஆப்பிள் மேக் இயந்திரங்களில் புகுந்தது. 2024 மார்ச்சில், லினக்ஸ் பலவற்றிலும் இடம்பெறும் 'எக்ஸ்.இசட்.' என்ற சுருக்கு நிரலில் ஒருவர் மறைவாகச் செருகிய கள்ளவழி, பொறியாளர் ஒருவர் இயந்திரம் அரை வினாடி தாமதிப்பதைக் கவனித்ததால் வெளிப்பட்டது.

இன்னொன்றை ஆழ்ந்து நோக்க வேண்டும். உரிமை முறை காப்பது எதனை? இயங்குதளத்தை, மற்றவர்களுடைய கோப்புகளை. நம் சொந்தக் கோப்புகளைத் திருத்தும் உரிமை நமக்கு உண்டு. ஆகவே நாம் ஓட்டும் நிரலுக்கும் உண்டு. இயங்குதளம் கெட்டால் மீண்டும் நிறுவிக்கொள்ளலாம், அரைநாள் வேலை. பிள்ளையின் சான்றிதழ்ப் படிகளும் எழுதிய ஆய்வேடும் போனால் எங்கே வாங்குவது? கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரலுக்கு நிர்வாகியின் அதிகாரம் தேவையே இல்லை. அந்தப் பிள்ளையின் அதிகாரமே போதும். ஆதலின் எந்த இயங்குதளமானாலும், வேறோர் இடத்தில் படி வைத்திருப்பதற்கு ஈடான காப்பு வேறில்லை.

அப்படியாயின் லினக்ஸ் எதற்கு? மூன்று காரணங்கள். முதலாவது, இயல்பிலேயே பயன்படுத்துவோர் நிர்வாகியாக இருப்பதில்லை. இரண்டாவது, நிரல்களை ஊர் பேர் தெரியாத இடங்களில் தேடி எடுக்காமல், பொறுப்பேற்பவர் உள்ள பொதுக் களஞ்சியத்திலிருந்து பெறும் பழக்கம் அங்கு வேரூன்றியுள்ளது. மூன்றாவது, உரிமத்துக்குப் பணம் வேண்டாமையால் திருட்டுப் படி தேவையில்லை. திருட்டுப் படி இல்லாமையால் புதுப்பிக்க அச்சம் இல்லை. ஏழை மக்களுக்கு மூன்றாவது காரணமே முதன்மையானது. மேலும் லினக்ஸைத் தம் மேசையில் வைத்திருப்போர் விண்டோஸ் வைத்திருப்போரைவிட மிகக் குறைவு என்பதால், நச்சுநிரல் எழுதுவோர் அதனை நாடுவதும் குறைவு. இது நமக்கு வாய்த்த நன்மை. ஆனால் அமைப்பின் சிறப்பு அன்று.

நம் நாட்டு முயற்சிகள்

இவ்வழி புதிதன்று. தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம், திரு. சி. உமாசங்கர் இ.ஆ.ப. அவர்கள் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில் சூசே லினக்சுக்கு மாறியது. 1956 நவம்பர் 1 வரை நாமும் இணைந்திருந்த திருவிதாங்கூர் மண்ணில், இன்றைய கேரளத்தின் அரசுப் பள்ளிகளில், கட்டற்ற மென்பொருளைக் கொண்டே கணிப்பொறி கற்பிக்கப்படுகின்றது. சி-டாக் நிறுவனம் 2007இல் 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் இயந்திரங்களில் விண்டோஸுடன் அந்த 'பாஸ்' லினக்சும் சேர்ந்து வந்தது.

ஆனால் அந்த மடிக்கணினிகள் நம் பிள்ளைகளின் கைக்கு வந்தபின் நாங்கள் கண்டது என்ன? லினக்ஸ் பக்கத்தைத் திறந்து பார்த்தவர் சிலரே. சொல்லித்தர ஆளில்லை. பழுது பார்க்கக் கொடுத்த இடங்களில் பலவற்றில் அதனை அழித்துவிட்டு, உரிமமில்லா விண்டோஸைப் போட்டுக் கொடுத்தனர். நல்ல அமைப்பைக் கையில் கொடுத்தால் மட்டும் போதாது. அதனைப் பழக்கிவிடும் ஆசிரியரும் வேண்டும். பள்ளிக் கதவு சட்டத்தால் திறந்த பிறகும் உள்ளே சென்று அமர்வதற்கு மகாத்மா அய்யங்காளி போராட வேண்டியிருந்தது என்பதை அறிந்த நமக்கு இது புதிய செய்தி அன்று.

இரு நிகழ்ச்சிகள்

2017 மே 12ஆம் நாள் 'வானாக்ரை' என்ற நச்சுநிரல் உலகில் சுமார் 150 நாடுகளில் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் தடுமாறின. அண்டை மாநிலமான கேரளத்தில் வயநாட்டிலும் பத்தனம்திட்டையிலும் ஊராட்சி அலுவலகக் கணிப்பொறிகள் அகப்பட்டன. இதில் யாரும் எதனையும் தட்ட வேண்டியிருக்கவில்லை; விண்டோஸின் பிழை ஒன்றன் வழியே இயந்திரத்திலிருந்து இயந்திரத்துக்குத் தானே சென்றது. பயன்படுத்துவோர் குற்றமற்றவர் என்று முடித்துவிடலாமா? அதுவும் முடியாது. அப்பிழைக்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச் 14ஆம் நாளே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதங்கள் புதுப்பிக்காதவர்களே அகப்பட்டனர். ஆனால் ஏன் புதுப்பிக்கவில்லை? சோம்பலால் சிலர், உரிமம் இல்லாத அச்சத்தால் சிலர், எக்ஸ்.பி.க்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8இலேயே முடிந்துவிட, புதிய இயந்திரம் வாங்க வகையின்றிச் சிலர். பழக்கம் என்று நாம் கூறுவதில் பாதி, வறுமையின் வேறு பெயர்.

இரண்டாவது நிகழ்ச்சி நம் வாசற்படியில் நடந்தது. நம் மாவட்ட எல்லையைக் கடந்தால் சிறு தொலைவில் கூடங்குளம் அணுமின் நிலையம். 2019 அக்டோபர் இறுதியில் அங்கு நச்சுநிரல் புகுந்ததாகச் செய்தி பரவியது. அக்டோபர் 29ஆம் நாள் நிலையத்தின் சார்பில் அது பொய்ச்செய்தி என்று மறுப்பு வந்தது. மறுநாளே, 30ஆம் நாள், இந்திய அணுமின் கழகம் அது உண்மை என்று ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4ஆம் நாளே கணிப்பொறி அவசரநிலைக் குழு அதனைக் கண்டு தெரிவித்திருந்தது என்றும், நிர்வாகப் பணிக்காக இணையத்துடன் இணைந்திருந்த வலையில் ஒருவர் பயன்படுத்திய கணிப்பொறியே பாதிக்கப்பட்டது என்றும், உலையின் முக்கிய உள்வலை தனியே பிரிக்கப்பட்டுள்ளது என்றும் அக்கழகம் விளக்கியது.

இதில் இரண்டு பாடங்கள். அலுவலக வலையையும் உலையின் வலையையும் தனியே பிரித்து வைத்த அமைப்பு, ஒருவர் இயந்திரத்தில் புகுந்த நச்சு மேலே செல்லாமல் தடுக்கும் மடையாயிற்று. எத்தனை காவல் இருந்தாலும் எவரேனும் ஒருவர் ஏமாறக்கூடும். அந்த ஒருவரின் பிழை அனைவரையும் அழிக்காதவாறு அமைப்பதே அறிவு. மற்றது, முதல் நாள் மறுப்பும் மறுநாள் ஒப்புதலும். பக்கத்தில் குடியிருக்கும் மக்களின் நம்பிக்கை எதனால் கூடும், எதனால் குறையும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நோயை மறைப்பவன் நோயை வளர்க்கிறான்.

கைப்பேசியும் கலியாணப் பத்திரிகையும்

இன்று கணிப்பொறி கைப்பேசியாகிப் பையில் வந்துவிட்டது. ஆண்ட்ராய்டின் உள்ளே இருப்பதும் லினக்ஸின் கருவே. ஒவ்வொரு செயலியையும் தனிப் பயனராகக் கருதித் தனி அறையில் வைக்கும் அருமையான அமைப்பு அது. வெளியிடத்திலிருந்து செயலியை நிறுவுவதும் இயல்பில் அடைக்கப்பட்டே உள்ளது. ஆயினும் அண்மைக் காலத்தில் திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் 'ஏ.பி.கே.' கோப்புகளால் மக்கள் பணம் இழந்ததை நாளிதழ்களில் காண்கின்றோம். அதனைத் திறந்தால், அடைப்பை நீக்கச் சொல்லும். குறுஞ்செய்தியைப் படிக்க உரிமை கேட்கும். கொடுத்துவிட்டால் வங்கி அனுப்பும் கடவுஎண் அயலார் கைக்குப் போகும்.

இங்கே பூட்டு நன்றாகத்தான் இருக்கின்றது. சாவியை நாமே நீட்டுகின்றோம். ஏன்? அழைப்பு உறவினர் எண்ணிலிருந்து வருகின்றது. கலியாணத்துக்கு அழைத்தால் போகாதிருப்பது நம் வழக்கமா? ஏமாற்றுவோர் நம் அறியாமையைவிட நம் அன்பையும், அச்சத்தையும், ஆசையையும்தான் பயன்படுத்துகின்றனர். "உதவித்தொகை வந்துவிட்டது, இதனைத் தட்டுக" என்று வரும் செய்தியை, எட்டு மாதமாக அத்தொகைக்குக் காத்திருக்கும் பிள்ளை எவ்வாறு தட்டாமல் இருக்கும்?

தொற்று வேறு, தீட்டு வேறு

இப்பொழுது முதற் கேள்விக்கு வருவோம். அமைப்பா, பழக்கமா? இரண்டும் என்பதே எங்கள் விடை. ஆனால் வரிசை உண்டு. முதற் பொறுப்பு அமைப்பவருக்கு. அடுத்தது இயந்திரத்தை நடத்தும் நிறுவனத்துக்கு. கடைசியில்தான் அதன்முன் அமரும் பிள்ளைக்கு. நாட்டில் பெரும்பாலும் இந்த வரிசை தலைகீழாகவே நடக்கின்றது. எங்கள் அறையிலும் அவ்வாறே நடந்தது.

நம் மக்களுக்கு இதில் தனிக் கவனம் வேண்டும். தொற்றைத் தீட்டு என்று கருதி மனிதரை ஒதுக்கிய சமுதாயத்தின் கொடுமையை நாம் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தவர்கள். தொற்று வழியால் வருவது, வழியை அடைத்தால் நிற்பது, எவரையும் பற்றக்கூடியது. தீட்டோ பிறப்பின்மேல் சுமத்திய பொய். நச்சுநிரல் புகுந்த இயந்திரத்தை வலையிலிருந்து பிரித்து வைக்க வேண்டும். அதனைப் பயன்படுத்திய பிள்ளையைப் பிரித்து வைக்கக் கூடாது. கடிந்தால் அடுத்த பிள்ளை மறைக்கும். மறைத்தால் அனைவரும் கெடுவோம். அந்த மாணவியிடம் பின்னர் நாங்கள் மன்னிப்புக் கேட்டோம் என்பதையும் இம்மலரில் பதிவு செய்ய விரும்புகின்றோம்.

நாங்கள் வகுத்துக்கொண்ட முறைகள்

பிற சங்கங்களுக்கும் பயன்படும் என்பதால், நம் அறையில் இன்று நடப்பதைச் சுருக்கிக் கூறுகின்றோம்.

ஒன்று: ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கணக்கு, தனிக் கடவுச்சொல். நிர்வாகியின் கடவுச்சொல் இரண்டு பொறுப்பாளரிடம் மட்டும். அவர்களும் அன்றாட வேலைக்கு அதனைப் பயன்படுத்துவதில்லை.

இரண்டு: திருட்டுப் படி இல்லை. விண்டோஸ் தேவையான ஓர் இயந்திரத்துக்கு உரிமம் பெற்றோம், மற்றவை லினக்ஸ். விண்டோஸ் பத்தாம் பதிப்புக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. நன்கொடையாக வரும் பழைய இயந்திரங்களை இம்முறையிலேயே தொடர்ந்து பயன்படுத்த இயலும்.

மூன்று: வெள்ளிக்கிழமை மாலை புதுப்பிப்பு நேரம். அப்பொழுது வகுப்பு இல்லை.

நான்கு: திரையின் மொழி தமிழ். கோப்புப் பெயரின் வால் எப்பொழுதும் தெரியுமாறு வைத்துள்ளோம். அதனைப் படிக்கப் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பிலேயே கற்பிக்கின்றோம்.

ஐந்து: சான்றிதழ்ப் படிகள் இரண்டு இடங்களில் இருக்க வேண்டும். ஒன்று, வேலை முடிந்ததும் கழற்றிப் பூட்டி வைக்கும் வன்தட்டில். மற்றொன்று அரசின் டிஜிலாக்கரில். எப்பொழுதும் செருகியே இருக்கும் படி, படியாகாது. நச்சு வந்தால் அதுவும் சேர்ந்தே போகும்.

ஆறு: சுவரில் ஒரு நோட்டு தொங்குகின்றது. "நான் இதைத் தட்டிவிட்டேன், இப்படி ஆயிற்று" என்று எவரும் எழுதலாம். எழுதியவருக்குத் தண்டமும் இல்லை, திட்டும் இல்லை. அதில் முதற் பக்கத்தில் எழுதியிருப்பவர்கள் நாங்களே.

ஏழு: பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு வீட்டில் இருக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்பதைத் தாய்மார்களுக்கும் சொல்லியுள்ளோம். நேரம் கடக்கக் கடக்கப் பணத்தை மீட்பது அரிதாகும்.

இம்முறைகளால் நச்சுநிரல் இனி வராது என்று நாங்கள் உறுதி கூறவில்லை, வரும். வந்தால் ஒரு மடைக்குள் நிற்கும். ஒரு பிள்ளையின் ஓராண்டைக் கொண்டுபோகாது. அவ்வளவே நாங்கள் சொல்லத்தக்கது.

பெரியோர்களே! கல்வியின் வாசலை நமக்கு அடைத்தவர்கள் இருந்தனர். அதனைத் திறந்தவர்களும் இருந்தனர். இன்று வாசல் கணிப்பொறியின் வடிவில் நிற்கின்றது. அதனைப் பயன்படுத்த மட்டும் கற்றால் பிறர் செய்த பூட்டை நம்பி வாழ்வோம். பூட்டு எவ்வாறு அமைந்துள்ளது என்பதையும் கற்றால், நாளை நம் பிள்ளைகளே நல்ல பூட்டுகளைச் செய்வர். அவற்றின் எச்சரிக்கைகளைத் தமிழில் எழுதுவர். தவறியவரைப் பழிக்காத அமைப்புகளை உலகுக்கு அளிப்பர். சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் அத்தகைய பிள்ளைகள் சிலராவது இந்த அறையிலிருந்து எழ வேண்டும் என்பதே எங்கள் வேட்கை.